ஆண்டவர் ஏன் அனுமதித்தார் என்று மேடையில் பதில் சொல்லும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும், ஊழியம் செய்யும் அண்ணன்மார் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில், ஞாயிறு ஆராதனைக்குச் சீக்கிரம் வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்காரும் சாதாரண விசுவாசி. இந்த மடல் எல்லாப் போதகர்களுக்கும் இல்லை. துக்க வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகிற போதகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தேவையே இல்லை. எங்கேயாவது வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் அந்த வாரமே மேடை ஏறி, "இது ஏன் வந்தது தெரியுமா சபையே?" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் மடல் முழுக்கப் பெயராகத்தான் இருக்கும்.

கேள்வி நியாயமானதுதான். அன்பும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் இருக்கும்போது இத்தனை பேர் ஏன் சாக வேண்டும்? இதை நாத்திகர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சபையில் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் கேட்கிறார், சத்தமாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் இதற்குப் பதில் வைத்திருப்பதும், அந்தப் பதில் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுனாமியையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. எல்லா நாடுகளிலும் சேர்த்து 2,25,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்து கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கடை போட்டிருந்தவர்கள். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள், ஞாயிறு பூசைக்குப் போகிற ஊர்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

பிணங்களை எடுத்து முடிப்பதற்குள்ளேயே நம்மவர்களிடம் காரணம் தயாராக இருந்தது. விக்கிரக ஆராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்றார் ஒருவர். கிறிஸ்து பிறப்பைக் குடித்துக் கொண்டாடினார்கள், அதற்குத்தான் என்றார் இன்னொருவர். லூக்கா 21-ஐத் திறந்து "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்" என்று வாசித்து, வருகை சமீபம் என்று கைதட்டச் சொன்னவர்களும் உண்டு. கத்தோலிக்கர் பக்கத்தில், வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காத்தார் என்றார்கள். பேராலயம் தப்பியது நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாலு எட்டு தள்ளி மணலில் கிடந்தவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? அதே வாரத்தில் வேறு மதத்தவர் சிலர், தங்கள் மதத் தலைவர் கைதானதால்தான் கடல் பொங்கியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக, அவரவர் வீட்டில் ஏற்கெனவே யார் மேல் கோபம் இருந்ததோ அவர்கள் மேல்தான் கடவுளும் கோபப்பட்டிருக்கிறார். கடவுளுடைய கோபம் இப்படி நம்முடைய கோபத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போனால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா?

இந்த வியாதி நமக்கு மட்டும் உள்ளதல்ல, பெரியவர்களையும் பிடித்திருக்கிறது. 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரிய நிலநடுக்கம், ஆயிரக்கணக்கில் சாவு. காந்தி அப்போது ஹரிஜன சுற்றுப்பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஒன்பது நாள் கழித்து எங்கள் திருநெல்வேலியில் நடந்த கூட்டத்தில், தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தீண்டாமை பாவம் என்பதில் சந்தேகமே இல்லை, அதற்கு எதிராக அவர் அலைந்த அலைச்சலும் சாதாரணமானதல்ல. ஆனாலும் தாகூர் விடவில்லை. தீண்டாமையை எதிர்ப்பதில் உங்களோடு நிற்கிறேன், ஆனால் இயற்கையில் நடக்கிற பேரழிவை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று எழுதினார். காந்தி அதைத் தன் பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் சொன்னார். அந்தப் பெருந்தன்மை வேறு விஷயம். எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். பீகாரில் சுவர் விழுந்து செத்தவர்களில் தீண்டாமையை அனுபவித்தவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை? இவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னதே இப்படி இடிக்கிறது என்றால், அடுத்த சபைக்காரனை மட்டம் தட்டுவதற்காகச் சொல்வதைப் பற்றி என்ன சொல்ல.

சரி, தாகூரும் காந்தியும் வேண்டாம், வசனத்துக்கே வருவோம். லூக்கா 13. ஆண்டவரிடம் சிலர் ஒரு செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டி, அவர்கள் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடு கலந்துவிட்டான். அதைக் கேட்ட ஆண்டவர் தானாகவே இன்னொரு செய்தியையும் சேர்க்கிறார், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது. முதலாவது அதிகாரத்தில் இருக்கிறவன் செய்த கொலை. இரண்டாவது விபத்து. இன்றைக்கு நாம் தனித்தனியாக விவாதிக்கிற இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். செத்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்கிறார். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

உடனே நீங்கள் அடுத்த வரியைக் காட்டுவீர்கள், எனக்குத் தெரியும். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்." பார்த்தாயா, மனந்திரும்புதலைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பீர்கள். ஐயா, யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். கலிலேயரின் பிணத்தைப் பார்த்தோ, சீலோவாமில் மகனைப் பறிகொடுத்த தாயைப் பார்த்தோ சொல்லவில்லை. பத்திரமாக இருந்துகொண்டு, அடுத்தவன் சாவைச் செய்தியாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அந்த இடத்தில் இன்றைக்கு நிற்பது யார்? கேமராவும் விளக்கும் வைத்துப் பேசுகிற நீங்களும், வீட்டில் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிற நானும். அந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணுவதென்றால் நம் இருவரையும் பார்த்துப் பண்ணுங்கள், தாராளமாகக் கேட்கிறேன்.

தீர்க்கதரிசிகள் சொல்லவில்லையா என்று இன்னொரு வாதம். ஆமோஸ் சொன்னார், எரேமியா சொன்னார், யோனா சொன்னார். உண்மை. அவர்கள் அழிவு வருவதற்கு முன்னால் சொன்னார்கள். நீங்கள் அது வந்து முடிந்த பிறகு சொல்கிறீர்கள். ஆமோஸ் தேசத்துப் பணக்காரர்கள் முகத்துக்கு நேராக, எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறீர்கள் என்று குற்றத்தைப் பெயர் சொல்லிச் சொன்னார், பொத்தாம் பொதுவாக "ஜனங்களின் அக்கிரமம்" என்று நழுவவில்லை. அப்புறம் வெட்டுக்கிளி வருவதைத் தரிசனத்தில் கண்டதும் என்ன செய்தார் தெரியுமா? "மன்னித்தருளும்" என்று கெஞ்சினார், கர்த்தரும் மனஸ்தாபப்பட்டு விட்டுவிட்டார். உங்கள் பிரசங்கத்தில் அந்தக் கெஞ்சல் எங்கே? அழிவைப் பார்க்க ஆசையாகக் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர் உண்டு, அவர் யோனா. அவருக்குக் கர்த்தரிடமிருந்து கண்டிப்புதான் கிடைத்தது, நினிவேயில் இருந்த மிருகஜீவன்களுக்காகக்கூடக் கர்த்தர் பரிந்து பேசினார்.

யோபுவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரே நாளில் பத்துப் பிள்ளைகள். பெருங்காற்று அடித்து வீடு விழுந்து செத்தார்கள், கவனியுங்கள், அதுவும் இயற்கைப் பேரிடர்தான். நண்பர்கள் வந்தார்கள், ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. வாயைத் திறந்த பிறகு முப்பது அதிகாரத்துக்கும் மேல் தர்க்கம், அதில் நண்பர்கள் சொன்னதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றே, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய். கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபப்பட்டார். கடவுளைப் பார்த்துக் கத்தினவன் சரியாகப் பேசினானாம், கடவுளுக்கு வக்கீலாக வந்தவர்கள் தப்பாகப் பேசினார்களாம். இதை வேத பாட வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோம்.

படித்துவிட்டு என்ன செய்கிறோம்? புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறோமே, அதில் அடிக்கடி வருகிற ஒரு வசனம், "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடை திறப்பு விழாவுக்கும் அதுதான், வீட்டுச் சுவரிலும் அதுதான், எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கியது. யோபு 8:7. பேசுகிறவர் பில்தாத். மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்று சொல்கிற அதே மூச்சில் வருகிற ஆறுதல் அது. கர்த்தர் தள்ளுபடி செய்த பேச்சிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து, பூப்படம் போட்டு அச்சடித்து, வருஷம் முழுக்கச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அந்த வசனத்தால் ஆறுதல் அடைந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பில்தாத்தின் குரல் நமக்கு இவ்வளவு பழகிப்போனதால்தான், சுனாமி வந்ததும் அதே குரலில் நம்மால் சுலபமாகப் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

துன்பத்தால் நன்மையே வராது என்று நான் சொல்லவரவில்லை. புடமிடப்பட்டுப் பொன்னாக வந்தேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. யோசேப்பு அப்படித்தான் சொன்னார், நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று. அற்புதமான வார்த்தை. ஆனால் அதைச் சொன்னது குழியில் விழுந்தவர். அதே வாக்கியத்தை அண்ணன்மார் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? "தம்பி, நாங்கள் உன்னைக் குழியில் போட்டது எல்லாம் தேவ திட்டம்தான்" என்று! அப்படித்தான் இருக்கிறது, வெள்ளத்தில் எதையும் இழக்காத ஒருவர், எல்லாவற்றையும் இழந்தவரிடம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-ஐச் சொல்வது. பவுல் தன் சரீரத்தில் முள் என்று சொன்ன உபாதைக்குத் தானே அர்த்தம் கண்டுபிடித்தார், கொரிந்து சபையார் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. தன் காயத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை காயப்பட்டவருக்கு மட்டும்தான் உண்டு, அவர் சொல்லாமலே விட்டுவிட்டாலும் அவருடைய விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை.

சாட்சி சொல்லும் நேரத்தையும் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். "அன்றைக்கு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, போகவில்லை, கர்த்தர் காத்தார்." நன்றி சொல்வது சரி, யார்தான் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் வீட்டுப் பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வரவில்லை. மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது. சாட்சி முடிந்ததும் "அல்லேலூயா" என்று மட்டும் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போகாமல், வராமல் போனவர்களுக்காகவும் ஒரு நிமிடம் ஜெபிக்கலாம்.

பின்னே உன் பதில் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அவன் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறான், அதனால் துன்பம் என்கிற விளக்கம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் அது பிலாத்துவரைக்கும்தான் போகும், கோபுரத்துக்குப் போகாது. சுமத்ராவுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே பல நூறு வருஷமாக அழுத்திக்கொண்டே போய், ஒருநாள் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது. அங்கே யாருடைய சுதந்திரமும் இல்லை. நிலத்தட்டுகள் நகர்வதால்தான் மலைகள் உண்டு, மண் புதுப்பிக்கப்படுகிறது, உயிர் வாழ ஏற்ற பூமியாக இது இருக்கிறது என்று விளக்குகிற கிறிஸ்தவ அறிஞர்கள் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது, வகுப்பறையில் நன்றாக இருக்கும். குளச்சலில் கோயில் பக்கத்தில் மொத்தமாகப் புதைத்த குழியின் ஓரத்தில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதினார், ஏன் இத்தனை நீண்ட பிரசவம் என்று அவர் எழுதவில்லை. யோபுவுக்கும் கர்த்தர் கடைசிவரை காரணம் சொல்லவில்லை. பெருங்காற்றிலிருந்து பேசினார், நாலு அதிகாரம் பேசினார், லிவியாதான் என்கிற பெரிய மிருகத்தைப் பற்றியெல்லாம் பேசினார், "உன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள்" என்பதற்கு ஒரு வரி இல்லை. யோபுவுக்கே கிடைக்காத காரணம் உங்களுக்கு மட்டும் ஒரு வாரத்தில் எப்படிக் கிடைத்தது?

எனக்குக் காரணம் தெரியாது. நான் கிறிஸ்தவனாக இருப்பது காரணம் கிடைத்ததால் இல்லை. லாசரு சாகப்போவது தெரிந்தும் இரண்டு நாள் தாமதித்தவர், எழுப்பப்போவது தெரிந்தும் கல்லறைக்கு முன்னால் அழுதாரே, அதனால். மார்த்தாளும் மரியாளும் ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் அவரிடம் சண்டை போட்டார்கள், நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்று. அவர் அதைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் இல்லாத பேச்சு என்று தள்ளவில்லை. அப்புறம் சிலுவையில் அவரே "ஏன்" என்று கேட்டார், என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று. அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து அப்போது பதில் வரவில்லை. பதில் வராத "ஏன்"-ஐக் கடவுளே தன் வாயால் கேட்டிருக்கிறார் என்று நம்புகிற மதம் நம்முடையது. உயிர்த்தெழுதல் இருக்கிறது, கண்ணீர் யாவும் துடைக்கப்படும் என்ற வாக்கு இருக்கிறது, அதை விட்டால் எனக்கு வேறு நம்பிக்கை இல்லை. ஆனால் மூன்றாம் நாள் வரவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஈஸ்டர் பாட்டை எடுக்கிறவர்களோடுதான் எனக்குத் தகராறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை உண்மையில் எழுத உட்கார வைத்தது. "தேவ சித்தம்" என்கிற வார்த்தைக்குப் பின்னால் மனிதர்களின் அலட்சியம் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. பசிபிக் கடலில் சுனாமி எச்சரிக்கை மையம் 1949 முதல் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் 2004-இல் அப்படி ஒன்று இல்லை. நில அதிர்வுக்கும் நாகப்பட்டினத்தில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஆனால் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்கிற மீனவ ஊரில், சிங்கப்பூரில் இருந்த ஊர்ப் பையன் செய்தி பார்த்துவிட்டுப் போன் பண்ண, ஊர் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார்கள். ஊரே பிழைத்தது. நல்லவாட்டுக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடப் பரிசுத்தவான்களா? அவர்களிடம் ஒரு போனும் ஒலிபெருக்கியும், சொன்னதை நம்புகிற மனதும் இருந்தது. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல், அதுவும் மிகக் கடுமையானது, ஆனால் முன்கூட்டியே கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தியதால் உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவு. நடுவில் பதினாலு வருஷத்தில் கடவுளின் கோபம் தணிந்துவிட்டதா, இல்லை புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்களா? நியாயத்தீர்ப்பு என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் நிலநடுக்கம் வந்தது, ஜனங்கள் கோயில்களில் இருந்த நேரம். மலாக்ரிதா என்கிற ஜெசுவிட் பாதிரியார், இது முழுக்க முழுக்கப் பாவத்துக்குத் தண்டனை, இயற்கைக் காரணம் சொல்வதே தப்பு, கூடாரம் கட்டுவதை விட்டுத் தவம் செய்யுங்கள் என்று எழுதினார். மழைக்காலம் வரும்போது வீடில்லாமல் நிற்கிறவர்களிடம்! அமைச்சர் பொம்பாலுக்கு அது பிடிக்கவில்லை, பின்னால் 1761-இல் அந்தப் பாதிரியாருக்கு நேர்ந்த முடிவு கொடூரமானது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கூடாரம் கட்டாதே என்கிற பிரசங்கம் அவரோடு சாகவில்லை, நம் மேடைகளில் வேறு சொற்களில் இன்னும் கேட்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? அவர்களை எட்டுகிற தொடர்புக் கருவி படகில் இல்லை. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்குத்தந்தைகள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, ஜனங்களோடு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்தார்கள், எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று. எந்த மேடைச் செய்தியைவிடவும் அது வேதத்துக்கு நெருக்கமாக எனக்குப் பட்டது. எதுவரைக்கும் உம்மைக் கூப்பிடுவேன் கர்த்தாவே என்று ஆபகூக் தீர்க்கதரிசி கத்தியதும் அப்படி ஒரு மறியல்தான்.

அப்போஸ்தலர் 11-ஐ ஒருமுறை பிரசங்கம் பண்ணுங்களேன். அகபு என்கிற தீர்க்கதரிசி எழுந்து, பூமியெங்கும் பஞ்சம் வரப்போகிறது என்கிறார். அந்தியோகியா சபையார் யாருடைய பாவத்தால் என்று கேட்கவில்லை. கடைசி காலமா என்று கேட்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி யூதேயாவில் இருக்கிறவர்களுக்குப் பணம் அனுப்பத் தீர்மானித்தார்கள், பர்னபா சவுல் கையில் கொடுத்தும் அனுப்பினார்கள். தீர்க்கதரிசனம் வந்ததும் காணிக்கைப் பை வெளியே போனது, உள்ளே வரவில்லை. (இதை எழுதும்போது ஒரு சிரிப்பும் வந்துவிட்டது, மன்னிக்கவும்.)

ஆகவே சில வேண்டுகோள்கள். வருகிற டிசம்பர் 26-ஐ ஒட்டிய ஞாயிறு செய்தி வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள், இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, நம் சபைகளில் அநேகமாக யாரும் வாசிப்பதில்லை. வாசித்துவிட்டு உட்காருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கடலோரச் சபைகளில் கோயில் ஒலிபெருக்கியில் வானிலை எச்சரிக்கையை வாசிக்க ஓர் ஆளை நியமியுங்கள், பாட்டுப் போடுகிற அதே ஒலிபெருக்கிதான், செலவு ஒன்றும் இல்லை. சபைப் பள்ளிக்கூடங்களின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கட்டும், மதம் கேட்காமல் திறக்கட்டும். கன்வென்ஷன் காணிக்கையில் ஒருநாள் காணிக்கையையாவது படகுகளுக்குத் தொடர்புக் கருவி வாங்க ஒதுக்கலாம்.

இந்த மடலுக்கு மறுப்பு எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை. யோபு புத்தகத்திலிருந்து வசனம் எடுத்தால் மட்டும், பேசுகிறவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபை விசுவாசி ஒருவன்